மூத்த ராணி வடக்கே, இளைய ராணி தெற்கே

1

இந்தக் கதையை எழுத மாட்டேன் என்று ஒருவருக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். போன மாதம் அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, "சார், நீங்க குடுத்த வாக்க நானே திருப்பிக் குடுத்துட்டேன்னு வச்சுக்குங்க. எழுதணும்னா எழுதுங்க. ரெண்டே ரெண்டு விஷயம். என்னை அழ வைக்காதீங்க. ராஜாவ ரொம்ப நல்லவராக் காட்டாதீங்க" என்றார்.

இரண்டுக்கும் சரி என்றேன். போனை வைத்த கையோடு பேனாவை எடுத்தேன். அதன் பிறகுதான் தொல்லை. தொடக்கம் வர மாட்டேன் என்று அடம் பிடித்தது.

முதல் தொடக்கம்: "ஏரியின் மேல் பனி படர்ந்திருந்த ஒரு காலையில் இரண்டு அரண்மனைகளும் ஒன்றையொன்று—" (பனி எதற்கு? நான் போயிருந்தபோது வெயில் மண்டையைப் பிளந்தது. அடித்தாயிற்று.)

இரண்டாம் தொடக்கம்: "ராஜாவுக்கு இரண்டு மனைவிகள். அங்கிருந்துதான் எல்லா வம்பும்—" (வம்பு அந்தப் பெண்களால் வரவில்லை. அவர்கள் செத்து எவ்வளவோ காலம் கழித்து, ஒரு வெள்ளையடிப்பில் வந்தது. இதையும் அடித்தேன்.)

மூன்றாம் தொடக்கம்தான் நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது. நல்லது என்பதற்காக வைத்துக்கொள்ளவில்லை. உண்மை என்பதால் விட்டுவிட்டேன்.

2

கொஞ்சம் வரலாறு. பயப்படாதீர்கள், சீக்கிரம் முடித்துவிடுவேன். அருங்காட்சியகத்துக்காக இந்த வரலாற்றை நாற்பது பக்கத்தில் கையேடாக எழுதியவன் நான்தான். எந்தப் பக்கத்தில் வாசகர் கொட்டாவி விடுவார் என்பதுவரை எனக்குத் தெரியும்.

அந்த ஊர் ஒருநாளும் தலைநகரமாக இருந்ததில்லை. தலைநகரம் தெற்கே நான்கு நாள் பயணத் தொலைவில் இருந்தது. நம் ராஜாவின் தாத்தாவுக்கு நெஞ்சில் சளி. ஏரிக்காற்று நல்லது என்று வைத்தியர் சொல்ல, ஒரு மாதம் தங்கலாம் என்று வந்தவர் ஒன்பது வருடம் தங்கிவிட்டார். ராஜா இருக்கும் இடத்துக்குக் கடிதங்கள் வரும். கடிதம் வந்தால் பதில் எழுத எழுத்தர் வருவார். எழுத்தருக்குச் சட்டை கிழிந்தால் தையல்காரர் வேண்டும். தையல்காரருக்குத் தலைமுடி வளரும். இப்படித்தான் ஊர் உண்டானது. அரண்மனை கட்டியவர்கள் ஊரைக் கட்டவில்லை. அரண்மனைக்குத் துணி துவைத்தவர்களும் குதிரைக்கு லாடம் அடித்தவர்களும் கட்டினார்கள்.

தாத்தா தங்கிய மர மாளிகை இன்று நகராட்சி அலுவலகம். அவர் மகன் கட்டியது எரிந்துபோனது. பேரன் கட்டியவைதான் இரட்டை அரண்மனைகள். அவருக்கு இரண்டு மனைவிகள். யாருக்கு முதலில் கட்டினாலும் மற்றவர் கேள்வி கேட்பார் என்று பயந்து, நடுவில் ஒரு முற்றம் விட்டு, வடக்கே ஒன்று தெற்கே ஒன்று, ஒரே நாளில் கடைக்கால் போட்டார். இங்கே பதினான்கு அறை என்றால் அங்கேயும் பதினான்கு. இங்கே மாடிக்கு இருபத்து மூன்று படி என்றால் அங்கேயும் அப்படியே. அளவு நாடாவின் ஒரு முனையை ராஜாவே பிடித்துக்கொண்டார் என்று கையேட்டில் எழுதினேன். (ஆதாரம் கிடையாது. வாசிக்க நன்றாக இருந்தது.)

கொடுத்த வாக்குப்படி இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். இதனால் ராஜா நியாயவான் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். ஆண்டில் பத்து மாதம் ஆள் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டார். அரசியல், போர், வேட்டை, இன்னும் என்னென்னவோ. ராணிகள் இருவரும் எதிரெதிரே அந்தச் சமமான சுவர்களுக்குள் இருந்தார்கள்.

சுவரைச் சமமாகக் கட்டலாம். ஜன்னலுக்கு வெளியே இருப்பதை எப்படிச் சமமாக்குவது? தெற்கு மாளிகையின் மாடி ஜன்னலைத் திறந்தால் தலைநகரத்திலிருந்து வரும் சாலை தெரியும். வடக்கு மாளிகையின் அதே ஜன்னலைத் திறந்தால் குதிரை லாயம். இந்த வித்தியாசத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வரலாற்றில் மீதியை மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

ராஜாக்கள் போனார்கள். படைவீரர்கள் தங்கினார்கள். பிறகு தானியக் கிடங்கு. கடைசியாக அருங்காட்சியகம்.

3

இனிமேல்தான் கதை.

அருங்காட்சியகத்தில் பொருள்களின் இருப்பைக் கவனிக்கும் அலுவலருக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. யாரும் அதைச் சொல்வதில்லை. இடுப்பில் நாற்பது சாவி தொங்குவதால் எல்லோருக்கும் அவர் சாவியம்மா. ஒவ்வொரு சாவியும் எந்தப் பூட்டுக்கு என்று தடவியே சொல்லிவிடுவார். எதையும் குறித்து வைக்காமல் நகர மாட்டார். (இதைப் படிக்கும்போது அவரைக் கண்டிப்பான ஆள் என்று நினைத்திருப்பீர்கள். முதல் வரைவில் நானும் அப்படித்தான் எழுதினேன். மூக்கு நுனியில் கண்ணாடி எல்லாம் மாட்டிவிட்டேன். உண்மையில் அவர் கண்ணாடியே போடுவதில்லை, நன்றாகச் சிரிப்பார்.)

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வாரம் இரட்டை மாளிகைகளுக்கு வெள்ளையடித்தார்கள். அருங்காட்சியகம் திறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. அறைகளில் இருந்த சாமான்களையும் மாட்டியிருந்த பெயர்ப்பலகைகளையும் எடுத்துக் கிடங்கில் வைக்கச் சொன்னார்கள். மறுபடி மாட்டும்போது குழப்பம் வரக்கூடாதே என்று, புதிதாக வந்த சாவியம்மா ஒரு நோட்டில் அழகாக எழுதிக்கொண்டார். முன்வாசல் வழியாக நுழைந்து, நின்று, பார்த்து எழுதியது: "வலது கட்டடம், இளைய ராணி. இடது கட்டடம், மூத்த ராணி." அறை வாரியாகப் பதினான்கும் பதினான்கும் இருபத்தெட்டுப் பலகைகள். ஒன்று விடாமல்.

வெள்ளையடித்து முடித்தும் முன்வாசல் சாரத்தைப் பிரிக்கவில்லை. எல்லோரும் பின்னால் ஏரி வாசல் வழியாக உள்ளே வந்தார்கள். சாவியம்மாவும் வந்தார். நோட்டைத் திறந்தார். வலது கட்டடம், இளைய ராணி.

இருபத்தெட்டுப் பலகைகளும் ஒழுங்காக, வரிசை பிசகாமல், ஆணி நேராக, தப்பான மாளிகையில் ஏறின. பலகையைப் பார்த்துக் கட்டில் போனது. கட்டிலைப் பார்த்துக் கண்ணாடி போனது. ராணிகளின் படங்களும் போயின. இரண்டு மாளிகையும் அச்சு அசல் ஒன்றுபோல இருந்ததால் எந்தப் பொருளும் "எனக்கு இடம் பொருந்தவில்லை" என்று முரண்டு பிடிக்கவில்லை. ராஜா அளவு நாடாவோடு பட்ட பாட்டுக்கு இதுதான் பலன்.

4

அடுத்த வருடம் சாவியம்மாவின் தம்பிக்கு அங்கேயே வழிகாட்டி வேலை கிடைத்தது. அவருக்கு வாய்தான் மூலதனம். மாடி ஜன்னலில் கூட்டத்தை நிறுத்தி வைத்துக்கொண்டு ஆரம்பித்தால் கைக்குழந்தைகூட அழாது.

அவர் சொன்ன கதை இதுதான். தெற்கு மாளிகையின் மாடியில், சாலையைப் பார்த்த ஜன்னலில், இளைய ராணி தினமும் ராஜாவுக்காகக் காத்திருந்தாள். ஜன்னலின் மரச்சட்டத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது பாருங்கள், அது அவள் முழங்கை தேய்த்த பள்ளம். எதிரே வடக்கு மாளிகையில் மூத்தவள். அவளுக்கு அடங்காத பொறாமை. தன் ஜன்னலை ஆணி வைத்து அடித்து மூடிக்கொண்டாள், ஆணித் தழும்பு இன்றும் இருக்கிறது, வாருங்கள் காட்டுகிறேன்.

ஒரு பத்திரிகை இதைப் படத்தோடு போட்டது. புதிதாகக் கல்யாணமானவர்கள் அந்த ஜன்னலில் நின்று படம் எடுத்துக்கொள்ள ஊர் ஊராக வந்தார்கள். பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துத்தான் தம்பிக்குப் பெண் கொடுத்தார்கள்.

மூன்றாவது வருடம், பழைய பீரோவைச் சுத்தம் செய்யும்போது, மடித்த தாள் ஒன்று சாவியம்மாவின் கையில் கிடைத்தது. முதன்முதலில் பலகை மாட்டிய அதிகாரி, வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனவர், எழுதி வைத்த பட்டியல். அந்த மனிதர் வலது இடது என்று எழுதவில்லை. திசை எழுதியிருந்தார். "தெற்கு மாளிகை, மூத்த ராணி."

எந்த வாசலில் நின்று எழுதினோம், எந்த வாசல் வழியாக வந்து மாட்டினோம் என்று சாவியம்மா எண்ணிப் பார்த்தார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் தம்பிக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது.

தாளை மடித்து அதே இடத்தில் வைத்துப் பூட்டினார். அடுத்த வருடம் சொல்லலாம் என்று நினைத்தார். அப்படியே இருபத்திரண்டு வருடம்—

(இந்த வாக்கியத்தை எப்படி முடித்தாலும் அது அவரைக் குற்றம் சாட்டுகிறது, அல்லது மன்னிக்கிறது. இரண்டும் என் வேலை இல்லை. இப்படியே இருக்கட்டும்.)

5

பலகைகள் துருப்பிடித்துவிட்டன, இனி இரண்டு மாளிகை வாசலிலும் கல்வெட்டே பதித்துவிடலாம் என்று புது இயக்குநர் முடிவு செய்தார். கல் வெட்டுகிறவருக்குத் தாள் போவதற்கு முன்னால் அது சாவியம்மாவின் மேசைக்கு வந்தது. அதில் ஒரு கட்டம்: "பதிக்கும் இடம்: மூத்த ராணி மாளிகை, வடக்கு. இளைய ராணி மாளிகை, தெற்கு." அதன் கீழே: "சரிபார்த்தேன்." அதன் கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு.

அத்தனை வருடத்தில் எந்தத் தாளும் அவரிடம் நேராக "இது சரியா?" என்று கேட்டதில்லை. இந்தத் தாள் கேட்டது.

அன்று கையேட்டுக்கு அறைகளின் வரைபடம் கேட்டு அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தவன் நான். அவர் வரைபடத்தை எடுக்கப் போனார், பாதியில் நின்றார், திரும்பி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஏன் என்னிடம்? பிறகு கேட்டேன். "நீங்க வெளியூர். நாளைக்குப் போயிடுவீங்க" என்றார்.

இங்கே என்னை நல்லவனாகக் காட்டிக்கொள்ள ஆசை. மூன்று வரைவுகளில் நான் அவருக்குத் தைரியம் சொல்கிறேன். உண்மையில் நான் சொன்னது:

"விடுங்கம்மா. செத்துப்போன ராணிங்க வந்து கேக்கவா போறாங்க? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுது இல்ல சார்" என்றார் அவர். "அந்த மூத்தம்மா பத்து மாசம் பத்து மாசமா அந்தச் சாலையப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க. நான் அவங்களத் தூக்கி லாயத்துப் பக்கம் போட்டு, பொறாமக்காரின்னு வேற பேரு வாங்கிக் குடுத்திருக்கேன். இதுக்கு நான் கையெழுத்துப் போட்டா அது கல்லுல ஏறிடும். போடலன்னா என் தம்பி ஊர் முன்னாடி புளுகன் ஆயிடுவான்."

எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது அப்போதுதான். கொடுத்துவிட்டு, வரைபடத்தை வாங்காமலே கிளம்பிவிட்டேன்.

(அந்தப் பள்ளம் கிடங்குக் காலத்தில் ஜன்னல் வழியாக மூட்டை இறக்கியதால் வந்ததாகவும் இருக்கலாம். அன்று எனக்கு அது தோன்றியது. சொல்ல வாய் வரவில்லை.)

6

இந்த இடத்தில் நான் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். படியுங்கள்:

"கிடங்கின் மூலையில் அரண்மனைச் சலவைக்காரர்களின் பழைய குறிப்பேடு ஒன்று கிடைத்தது. அதைப் புரட்டிய சாவியம்மா திகைத்தார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரண்டு ராணிகளும் மாளிகை மாறிக்கொண்டார்கள்! அப்படியானால் எந்த மாளிகையில் எந்தப் பலகை இருந்தாலும் அது சரிதான். அவர் செய்தது தவறே இல்லை. கண்களில் நீர்—"

எழுதிவிட்டு என் முதுகை நானே தட்டிக்கொண்டேன். யாருக்கும் நோகாமல் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பெருமையாகச் சாவியம்மாவுக்கு அனுப்பினேன். மறுநாள் காலையில் கூப்பிட்டார்.

"சார், முதல்ல அழ வைக்காதீங்கன்னு சொன்னேன்."

"அத எடுத்துடறேன்."

"அது கிடக்கட்டும். அந்த நோட்டு எங்க இருந்து வந்துச்சு?"

"நான் கற்பனையா..."

"என் தப்ப ஏன் சார் என்கிட்ட இருந்து பிடுங்குறீங்க?" குரல் ஏறியிருந்தது. "இருபத்திரண்டு வருஷம் சுமந்து, கடைசியில வாயத் தொறந்து சொல்லிட்டு வந்திருக்கேன். அது தப்பே இல்லன்னு எழுதினா நான் சொன்னதுக்கு என்ன மதிப்பு? பைத்தியக்காரி வெறும் நிழலப் பாத்துப் பயந்தான்னு ஆகாதா?"

எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. சலவைக் குறிப்பேட்டைக் கிழித்தேன். மேலே உங்களுக்குக் காட்டியது அதன் நகல்தான். எழுதுகிறவனை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.

7

நடந்தது இது.

அவர் முதலில் தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"டேய், உக்காரு. ஒண்ணு சொல்லணும்."

சொன்னார். தம்பி ஈரக் கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"வெளையாடாதக்கா."

"தாளு இருக்குடா. காட்டறேன்."

"என் கல்யாணமே அந்த ஜன்னல்னாலதான்க்கா நடந்துச்சு!"

அவர் மனைவி உள்ளேயிருந்து, "ஜன்னல்னால ஒண்ணும் நடக்கல, எங்கப்பா ஏமாந்தாரு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. தம்பி எழுந்து நடந்தார், கத்தினார், அக்காவை முதல்முறையாக "நீ" என்பதோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார். (அவை இங்கே வேண்டாம். அவரே பிறகு வருத்தப்பட்டார்.) கடைசியில் தம்பி களைத்துப்போய் உட்கார்ந்தார்.

"அப்போ அந்தப் பள்ளம்?"

"அது மூத்தவங்களோடது."

தம்பி விரலை மடக்கி எண்ணினார். பிறகு மெதுவாக, "ஒரு நாளைக்கு நாலு தடவக்கா. நாலு தடவ அந்தம்மாவப் பொறாமக்காரின்னு சொல்லியிருக்கேன்" என்றார்.

மறுநாள் காலையில் சாவியம்மா கையெழுத்துக் கோட்டின் மேல் கையெழுத்துப் போடவில்லை. "இடம் மாறியிருக்கிறது. தவறு என்னுடையது" என்று எழுதி, பழைய பட்டியலை ஊசியால் குத்தி, இயக்குநரின் முன்னால் வைத்தார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாராம்.

இயக்குநர் இரண்டு முறை படித்தார். உடனே கல் வெட்டுகிறவருக்குப் போன் போட்டார்.

"எழுத்து வெட்டிட்டீங்களா?"

"தாள் வர்ற வரைக்கும் சும்மா இருக்க வேண்டாமேன்னு, நீங்க வாயால சொன்னத வச்சு நேத்தே ரெண்டையும் முடிச்சுட்டேன் சார்."

சாவியம்மாவுக்கு உயிரே போய்விட்டது. இயக்குநர் போனைக் கையால் மூடிக்கொண்டு, தாளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு நெற்றியைச் சுருக்கினார்.

"ஏம்மா, கல்லுல என்ன இருக்கு? 'மூத்த ராணி மாளிகை', 'இளைய ராணி மாளிகை'. அவ்வளவுதானே? வடக்கு தெற்குன்னு கல்லுலயா போட்டிருக்கு?"

"இல்ல சார். படிவத்துல மட்டும்தான்."

"அப்போ இதக் கொண்டுபோய் அங்க வைங்க. அத இங்க வைங்க. திங்கக்கிழமை நமக்கு லீவுதானே? அன்னைக்குச் சாமான எல்லாம் மாத்திடுங்க."

அவ்வளவுதான். இருபத்திரண்டு வருடப் பயம் முற்றத்தின் குறுக்கே அறுபது அடி நடந்தால் தீரக்கூடியதாக இருந்தது. அவர் வயிற்றில் பாலை வார்த்துவிட்டு இயக்குநர் அடுத்த கோப்பை எடுத்துக்கொண்டார். விதிப்படி விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் அனுப்பினார். சாவியம்மா அதற்கு எழுதிய பதில் ஒரே வரி: "வேறு வாசல் வழியாக வந்தேன்." கோப்பை மூடிவிட்டார்கள்.

என் கையேட்டில் மூன்று பக்கம் மாற்றி எழுதினேன். வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக நான் பிழை திருத்தியதில்லை.

திங்கட்கிழமை கட்டில், கண்ணாடி, பலகை எல்லாம் முற்றத்தைக் கடந்தன. படங்களைத் தூக்கியவர்கள் நடு முற்றத்தில் எதிரெதிரே வந்தபோது கை வலிக்கிறது என்று கீழே இறக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரம் மூத்தவளும் இளையவளும் வெயிலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். யார் யாரைவிட அழகு என்று தூக்கியவர்கள் வாதம் செய்தார்கள். சாவியம்மா நிழலுக்கு ஒரு பெரிய துணியைக் கொண்டுவந்து இருவர்மேலும் சேர்த்துப் போட்டார்.

8

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு முதல் கூட்டம். இருபது பேர் இருப்பார்கள். தம்பி புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். அக்காவிடம் பேசவில்லை. கூட்டத்தை அழைத்துக்கொண்டு தெற்கு மாளிகையின் மாடிக்கு ஏறினார்.

சாவியம்மா படிக்குக் கீழே நின்றார். மேலே சென்று கேட்கலாமா என்று இரண்டு படி ஏறினார். இறங்கினார். காவலர் நாற்காலி காலியாக இருந்தது. ஒரு நிமிடம் உட்காரலாம் என்று உட்கார்ந்தார்.

மேலே, ஜன்னலருகே, தம்பி என்ன சொன்னார்?

நான் எழுதிப் பார்த்தவை: (அ) "இத்தனை நாள் நான் சொன்னது தப்புங்க" என்று ஆரம்பித்து, அக்காவைக் காட்டிக் கொடுக்காமல், தவறைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். (அழகாக இருக்கிறது. ஆனால் சாவியம்மா மறுபடியும் போன் போடுவார்.) (ஆ) பழைய கதையையே சொன்னார், இளையவள் இருந்த இடத்தில் மூத்தவள் என்று மட்டும் மாற்றி. அதோடு லாயத்து நாற்றம் தாங்காமல் ஜன்னலை ஆணி அடித்து மூடிய இளையவளையும் சேர்த்துச் சொல்லி, கூட்டத்தைச் சிரிக்க வைத்தார். (இ) ஒன்றும் சொல்லவில்லை. சாலையைக் காட்டிவிட்டு ஒதுங்கி நின்றுகொண்டார். வாயை மூலதனமாக வைத்திருப்பவருக்கு அது—

எனக்கு மூன்றுமே பிடிக்கிறது, அதனால் மூன்றையும் நம்பவில்லை. சாவியம்மாவிடமே கேட்டேன்.

"எனக்கு எப்படி சார் தெரியும்? நான்தான் தூங்கிட்டேனே" என்றார்.

தம்பியிடம் கேட்கலாம். கேட்கப் போவதில்லை. அவர் சொல்லிவிட்டால் நான் அதை மெருகேற்றுவேன், என் கை சும்மா இருக்காது. அந்த இருபது பேரில் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்றவர்கள் அ, ஆ, இ மூன்றையும் அடித்துவிட்டு ஓரத்தில் உங்கள் கையெழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஆட்சேபிக்க மாட்டேன்.

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒன்றுதான், அதைச் சொன்னவர் வாசலில் நின்ற காவலர். கூட்டம் இறங்கி வரும்போது சாவியம்மா வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். முன்னால் வந்த தம்பி படியிலேயே நின்றார். அக்காவைப் பார்த்தார். திரும்பி, உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். இருபது பேரும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தம் போடாமல் ஒவ்வொருவராக வெளியே போனார்கள்.